ஆஸ்பத்திரிக் கணக்கு யாருக்குத் தெரிய வேண்டும்?

சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பர் 3 அன்று ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அது எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம். சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தானே முன்வந்து மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் இன்னொரு உடலுக்குள் போய்விட்டது. 2016-லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. டிசம்பர் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இந்த நிகழ்வில் உண்மையைத் தானாக வந்து சொன்னவர் யார் என்று பாருங்கள். பதவியில் இருந்தவர் யாரும் அல்ல, எந்த அதிகாரமும் இல்லாத ஒரு இளைஞர். நடவடிக்கை யார் மீது பாய்ந்தது? ஆய்வகப் பணியாளர்கள் மீது. அவர்கள் தவறு செய்திருந்தால் தண்டனை சரிதான். ஆனால் ஒரு ரத்த வங்கிக்குக் கட்டடம் கட்டியவர்கள், கருவி வாங்கியவர்கள், ஆள் நியமித்தவர்கள், ஆண்டுதோறும் ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டவர்கள் என்று மேலே நீளும் ஏணியில் எந்தப் படியும் அசையவில்லை. கடைசிப் படியில் நின்றவர்தான் விழுந்தார்.

ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்த பிறகே நோயாளிக்குத் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொற்று இருந்த ஒருவரின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க வழக்கமான சோதனையே போதும். புது எந்திரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அரசுப் பணத்தில் ஒரு பொருளை வாங்குவதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அது சரியாகப் பயன்பட்டதா என்று பார்ப்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான். அந்த வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

நாற்காலி மாறினால் கேள்வி மாறுகிறது

மருந்து வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் தந்து, எடுத்த மருந்தை அதில் பதிகிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. இருந்தும் சந்தேகம் ஏன் தீரவில்லை?

2020 ஏப்ரலை நினைத்துப் பார்ப்போம். கொரோனா ரேபிட் கிட் ஒன்றை 600 ரூபாய் விலையில் 50,000 வாங்கத் தமிழ்நாடு அரசு ஆணை கொடுத்தது. 24,000 வந்து சேர்ந்தன. விற்பனையாளர்களுக்குள் தகராறு வந்து வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், அந்தக் கிட்டின் இறக்குமதி விலை 245 ரூபாய் என்பது ஊருக்குத் தெரிந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம். சத்தீஸ்கர் மாநிலம் வேறொரு நிறுவனத்திடம் ஒரு கிட்டை 337 ரூபாய்க்கு வாங்கியிருந்தது. மத்திய அரசு நிர்ணயித்த விலையில்தான் வாங்கினோம் என்றது அன்றைய அ.தி.மு.க. அரசு. கிட்டுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று ஐ.சி.எம்.ஆர். திருப்பி அனுப்பச் சொன்னது. ஆணை ரத்தானது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. விலை விவரத்தை வெளியிடச் சொல்லிக் கேள்வி கேட்டது.

2022 ஜூனில் காட்சி மாறியது. கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துப் பெட்டக ஒப்பந்தத்தில் அரசுக்கு 77 கோடி ரூபாய் இழப்பு என்று பா.ஜ.க. குற்றம்சாட்டியது. ஆவினிடம் வாங்காமல் தனியாருக்குச் சாதகம் செய்கிறார்கள் என்றது. தி.மு.க. அரசின் அமைச்சர் மறுத்தார். ஒப்பந்தமே இன்னும் முடிவாகவில்லை என்றார். குற்றச்சாட்டு குற்றச்சாட்டாகவே நின்றது. இரண்டு முறையும் கேள்வி கேட்டவர் எதிர்க்கட்சி, மழுப்பியவர் ஆளுங்கட்சி என்பது பழகிப்போன நாடகம். நமக்குக் கவலை வேறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் பணமாக வராமல் இந்தப் பெட்டகமாகத்தான் வருகிறது. அதில் உள்ள சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும் என்ன விலை, என்ன தரம் என்பது அதைச் சாப்பிடும் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அவர் பெயரில் செலவாகும் பணம் அது.

விசாரணைக்குப் போவதும் சுலபமில்லை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பொது ஊழியர் ஒருவர் பதவியின் பெயரால் எடுத்த முடிவை விசாரிக்கத் தொடங்குவதற்கே முன் அனுமதி பெற வேண்டும். கதவைக் காப்பவரிடமே சாவியைக் கேட்க வேண்டிய நிலை.

இது ஏன் நம் பிரச்சினை

விருதுநகர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவையோடு மல்லுக்கட்டும் கைகளில் நம் மக்களின் கைகள் ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெந்த உடம்போடு 75 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போகும் வழியில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம். வசதி உள்ளவருக்குத் தனியார் மருத்துவமனை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் களிம்பு இல்லை, ரத்தம் இல்லை, டாக்டர் இல்லை என்றால் நமக்குப் போக வேறு வாசல் இல்லை.

இது இலவசமும் இல்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளியின் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது அடித்தளம் இட்ட ஏற்பாடு இது. 1948-இல் சட்டமானது. உழைப்பவன் சலுகை கேட்டு நிற்கக் கூடாது, உரிமையோடு மருந்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உள்குத்தகையில் ஓடும் ஆலைகளில் அந்த அட்டையே கிடைக்காத தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பது தனி வேதனை.

2024-இல் தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் எல்லோருக்குமான ஒரு திட்டத்தில் ஒரு பங்கைப் பிய்த்து நம் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் பழையது. சுகாதாரத் துறை நம் பெயரில் எழுதிய தொகையில் எது காலனிக்கு வந்தது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன பொருளாக நிற்கிறது என்று காட்ட வேண்டும்.

யாரிடம் கேட்பது

கேட்கும் இடங்கள் இருக்கின்றன. மத்திய அரசு நிதி வரும் திட்டங்களைக் கண்காணிக்க மாவட்டம்தோறும் 'திஷா' குழு உண்டு. தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர். தேசிய சுகாதார இயக்கமும் அதன் வரம்பில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நம் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளும் விருதுநகர், தென்காசி, ராமநாதபுரம் என மூன்று மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. ராஜபாளையமும் தனித்தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியோடு போகின்றன, திருச்சுழி ராமநாதபுரத்தோடு போகிறது. ஆகவே மூன்று எம்.பி.க்களிடமும் கேட்கலாம்: கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, மருத்துவமனைக் கொள்முதல் பற்றி என்ன பேசினீர்கள்?

சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழுவும் பொது நிறுவனங்கள் குழுவும் இருக்கின்றன. தணிக்கை அறிக்கைகள் அங்கேதான் போகின்றன. அறிக்கை வந்த அன்று செய்தி, மறுநாள் மறதி என்று இருப்பதை நம் எம்.எல்.ஏ.க்கள் மாற்ற வேண்டும்.

ஊர் அளவில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபையில் மூன்று கேள்விகள் போதும். நம் சுகாதார நிலையத்தில் கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லை? வாங்கிய கருவிகளில் எவை ஓடுகின்றன, எவை பழுது? கர்ப்பிணிகளுக்கு வந்த பெட்டகங்கள் எத்தனை, கொடுத்தது எத்தனை? பதில் வராவிட்டால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலை. மனுவை எழுதிக் கொடுங்கள், வந்த பதிலைச் சபையில் உரக்கப் படியுங்கள். படிப்பு ஊருக்குப் பயன்படும் இடம் இதுவும்தான். 2022 ஜனவரி 12 அன்று விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கட்டடத்தைத் திறந்துவைத்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும். உள்ளே வாங்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பானவர் பெயரும் விலையும் வாசலில் ஒரு பலகையில் இருக்கட்டும். அந்தப் பலகையைக் கேட்பதிலிருந்து தொடங்குவோம்.