பசு கொடுத்தால் மட்டும் போதுமா?

எமது பகுதியில் ஒரு குடும்பத்தின் நிலையை அறிய விரும்புவோர் முன்பெல்லாம் "பட்டியில் எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் எமது மக்கள் இடம்பெயர்ந்தபோது பட்டிகளை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பிச் சென்றபோது பலருக்குப் பட்டி இருந்த இடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதன் பின்னர் வாழ்வாதார உதவி என்ற பெயரில் அரசும் தொண்டு நிறுவனங்களும் திருச்சபைகளும் கறவைப் பசுக்களை வழங்கின. ஒரு குடும்பத்துக்கு ஒன்று, சில வேளை இரண்டு.

நூறு மாடு வைத்திருந்தவருக்கு ஒரு மாட்டின் நோய் சிறு நட்டம். ஒரே ஒரு பசுவை வைத்திருப்பவருக்கு அதன் மடியில் ஒரு பகுதி வற்றிப்போவது, பிள்ளையின் பாடசாலைச் செலவு வற்றிப்போவதாகும். ஆகவே அந்த மடியைப் பற்றி இம்முறை பேச விரும்புகிறோம்.

மடி அழற்சியை எமது விவசாயிகள் நன்கு அறிவார்கள். மடி வீங்கிச் சூடாகும். தொட்டால் பசு உதைக்கும். பால் திரிந்து கட்டி கட்டியாக வரும். ஆனால் இது நோயின் வெளிப்பட்ட முகம் மாத்திரமே. இதைவிட மிக அதிகமாகக் காணப்படுவது மறைந்திருக்கும் மடி அழற்சி. வீக்கமும் இராது, வலியும் இராது, பாலும் பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும். ஆயினும் கிருமிகள் உள்ளே பெருகிப் பால் சுரக்கும் பகுதியைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக்கொண்டிருக்கும். "புல் போதவில்லை, அதுதான் பால் குறைந்துவிட்டது" என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். உண்மை தெரியவரும்போது ஒரு முலைக்காம்பு பயனற்றுப் போயிருக்கும்.

எமது வீடுகளில் சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறார்கள். இடையிலே விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைப்பவர்களும் உண்டு. அந்தக் கொப்பியைப் பார்த்தே வைத்தியர் மருந்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். சீனி வருத்தம் பூனைகளுக்கும் வருவதுண்டு. மேற்கு நாடுகளில் பூனை வளர்ப்போர் அதன் காது மடலில் ஊசியால் குத்தி வீட்டிலேயே சீனியைச் சோதித்து, இன்சுலினும் ஏற்றி, குறிப்புப் புத்தகத்துடன் மிருக வைத்தியரிடம் செல்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. 1922 ஆம் ஆண்டு ரொறொன்ரோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. மனிதரின் சீனி வருத்தத்துக்கு மருந்து தந்தது மாடு. அந்த மாட்டின் மறைவான நோயை நாம் வீட்டிலே சோதித்துப் பார்க்கக் கூடாதா?

சோதித்துப் பார்க்கலாம் என்பதே எமது கருத்து. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 1957 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷாம், நூர்லாண்டர் என்னும் இருவர் சவர்க்காரத் தன்மையுள்ள ஒரு கரைசலைப் பாலுடன் கலந்து பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் அது கலிபோர்னியாச் சோதனை என்றே அழைக்கப்படுகிறது. அந்தக் கரைசலை வாங்க முடியாத சிறு விவசாயிகளுக்காக 1990 களில் பாகிஸ்தானின் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியர்கள், சாதாரண சலவைத்தூளைக் கொண்டே அதே சோதனையைச் செய்யலாம் எனக் காட்டினார்கள்.

செய்முறை இதுதான். அரை லீற்றர் சுத்தமான தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து, முதல் பீச்சல்களை நீக்கிய பின், ஒவ்வொரு முலைக்காம்பின் பாலையும் ஒவ்வொரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவு கறந்துகொள்ளுங்கள். அதே அளவு கரைசலை ஊற்றிக் கிண்ணத்தை ஒரு நிமிடம் வரை மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுற்ற பகுதியின் பால் தடித்து, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழுவழுப்பாகும். கிருமியோடு போராட மடிக்கு வந்து சேர்ந்த வெண்குருதிக் கலங்கள் சலவைத்தூளினால் உடைந்து, அவற்றின் உள்ளிருக்கும் பொருள் பாலைத் தடிக்கச் செய்கிறது. எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு நோய். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும். அதை எவரும் குடிக்கலாகாது.

கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நலமான பசுவின் பாலும் தடிக்கக்கூடும். எனவே அக்காலத்தில் செய்யும் சோதனையை நம்பி அவசரப்படக் கூடாது. மற்றைய காலங்களில் மாதம் ஒரு முறையாவது சோதித்து, திகதியையும் எந்தக் காம்பு என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நன்று.

ஆனால் சோதனை வேறு, வைத்தியம் வேறு. பால் தடித்தது என்று கண்டவுடன் அயல்வீட்டில் மீதமிருக்கும் ஊசி மருந்தைக் கேட்டு வாங்கி ஏற்றுவது எமது ஊர்களில் உள்ள பழக்கம். பசு சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எந்தப் பகுதிக்கு மருந்து ஏற்றுவது, எதைப் பால் வற்றும் காலம் வரை விட்டு வைப்பது, எந்த மருந்து, எத்தனை நாள் என்பவற்றை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். உங்கள் கொப்பி அவருக்குக் கண்ணாக இருக்கும்.

இதில் தயிர் விற்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. மருந்து ஏற்றிய பசுவின் பாலில் மருந்தின் எச்சம் கலந்திருக்கும். அது உறைமோரில் உள்ள நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுவதால் சட்டியில் தயிர் உறையாது. காய்ச்சினாலும் அந்த எச்சத்தில் பெரும்பகுதி போவதில்லை. மருந்துக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ கூடாது. அந்த நாட்களின் வருமானம் போவது கடினம்தான். முன்கூட்டியே சோதித்து நோயைத் தொடக்கத்தில் அறிந்தால் அந்தக் கடினம் குறையும்.

நோய் ஏன் பெருகுகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். கழுவாத கையும், எல்லா மாட்டுக்கும் ஒரே துணியும் கிருமியை மடிக்கு மடி கொண்டு செல்கின்றன. நோயுள்ள பசுவைக் கடைசியாகக் கறப்பதும், கறந்த பின் புல் போட்டு அரை மணி நேரமாவது பசுவைப் படுக்கவிடாமல் நிற்க வைப்பதும் எவருக்கும் இயலும். கறந்தவுடன் காம்பின் துவாரம் திறந்திருக்கும் என்பதே காரணம். ஆனால் பத்துப் பேர்ச் நிலத்தில், மாரி மழையில், சேற்றிலே மாட்டைக் கட்டி வைத்திருக்கும் குடும்பத்திடம் சுத்தத்தைப் பற்றி மட்டும் போதிப்பது நியாயமாகாது. பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்படும்போது எமது மாடுகள் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் செல்வது பரம்பரை வழக்கம். அந்தத் தரையைக் கேட்டே பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரை இல்லாத இடத்தில் சேறு பெருகும். சேறு பெருகினால் நோயும் பெருகும்.

இனி, எம்மைப் போன்றவர்களின் தவறையும் சொல்லியாக வேண்டும். பசுவைக் கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். பசுவின் மடியைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தோமா? இல்லை என்பதே பெரும்பாலும் விடை. இனிமேல் பசு கொடுக்கும் எவரும் அதனுடன் நான்கு கிண்ணங்களையும் ஒரு கொப்பியையும் ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி பால் கறக்கும் தாய்மாருக்கும் பட்டியோடு காட்டுக்குப் போகும் இளைஞருக்கும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் ஆண்களுக்கு மட்டும் அல்ல. பால் சேகரிப்போர் பாலைத் திருப்பி அனுப்புவதோடு நில்லாமல், காரணத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்வழியே எழுவான்கரைக்கு வரப் பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இன்று பாலம் இருக்கிறது. ஆனால் பசுவைப் பாலத்தால் நடத்திக்கொண்டு வைத்தியரிடம் போக முடியாது. வைத்தியர்தான் வர வேண்டும். ஊர்தோறும் மாதத்தில் ஒரு நாள் குறித்து, அந்த நாளில் மிருக வைத்தியர் வருவார் என்ற உறுதியை நாம் ஒன்றுசேர்ந்து கேட்டுப் பெற வேண்டும். இருபது குடும்பங்கள் இருபது கொப்பிகளுடன் காத்திருக்கும் ஊருக்கு வராமலிருப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாயிராது.

நல்ல ஆயன் தன் ஆடுகளை அறிந்திருக்கிறான் என்று நாம் ஆலயத்தில் கேட்கிறோம். ஒவ்வொரு பசுவையும், அதன் ஒவ்வொரு காம்பையும் அறிந்திருப்பதும் அந்த அறிவுதான். பட்டியை இழந்தவர்கள் நாம். மிஞ்சியிருக்கும் ஒரு பசுவையும் அறியாமையால் இழக்கலாகாது. நாளைக் காலையில் கறக்க உட்காரும்போது நான்கு கிண்ணங்களை எடுத்து வையுங்கள்.