'பிக் அப் மீ' சொன்னால் என்ன குற்றம்?

ஆங்கிலத்தில் ஆளைக் கவிழ்ப்பவை பெரிய வார்த்தைகள் இல்லை. அதற்கெல்லாம் அகராதி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அப், ஆஃப், அவுட், பேக், டவுன் என்று நாலு பொடியன்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் காலை வாருவார்கள்.

'பிக் அப் மீ அட் மண்ணூர்பேட்டை' என்று ஒருவர் போனில் சொல்லட்டும். பக்கத்தில் 'பிக் மீ அப்' என்பதே சரி என்று தெரிந்த ஆள் இருந்தால், அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம். சிரித்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. இன்டர்வியூ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதே சிரிப்பைச் சிரிக்கும்போது ஒருத்தன் வேலை போகிறது.

முதலில், இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது? காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில் மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று காதைக் கொடுங்கள். 'ஸ்டாப்பிங்ல நிக்கிறேன், வந்து பிக்கப் பண்ணிக்க மச்சான்.' 'மெஷினை ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்தே?' 'மேனேஜர் கால்பேக் பண்றேன்னாரு.' எல்லாமே தமிழ். ஆங்கிலச் சொல் விருந்தாளியாக வருகிறது, வேலையெல்லாம் 'பண்ணு'தான் செய்கிறது. நம் காதில் 'பிக்கப்' என்பது ஒரே கட்டி. அது 'பிக்' என்றும் 'அப்' என்றும் இரண்டாக உடையும் என்பதே நமக்குத் தோன்றாது.

தோன்றாததற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. நம்மிடமும் இரட்டை வினைகள் ஏராளம். கண்டுபிடி, பார்த்துக்கொள், தூக்கிப்போடு. 'அவனைக் கண்டுபிடி' என்போம். 'கண்டு அவனைப் பிடி' என்று நடுவில் ஆளை நுழைத்தால் அது வேறு வேலை, போலீஸ் வேலை! 'குழந்தையைப் பார்த்துக்கொள்' சரி. 'பார்த்துக் குழந்தையைக் கொள்' என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். அர்த்தம் கெடாமல் இந்த ஜோடிகளுக்கு நடுவில் ஆளை நுழைக்க முடியாது. ஆங்கிலமோ, அவன், அவள், அது, நான் என்று வந்தாலே ஜோடியைப் பிரித்து நடுவில் உட்காரவை என்கிறது. 'பிக் அப் மீ' என்கிற பையன் தன் தாய்மொழியின் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான். ஊர் மாறினால் சட்டம் மாறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டமும் இல்லை. 1755-ல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில், வினையோடு சின்னச் சொல் சேர்ந்து அர்த்தம் மாறுகிற இந்த விஷயம்தான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரும் சிரமம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மொழியின் சொந்தக்காரர் கஷ்டம் என்கிறார். நம்மூர் இன்டர்வியூ அதிகாரிக்கு மட்டும் அது சிரிப்பு.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் சி.என்.சி. மெஷின் பழகிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்ரான் கணக்கில் உலோகம் சீவுகிறவன். பெரிய கம்பெனி இன்டர்வியூவில், 'மெஷினில் வித்தியாசமான சத்தம் வந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கிறார்கள். 'ஐ வில் ஸ்விட்ச் ஆஃப் இட்' என்கிறான். பதில் நூற்றுக்கு நூறு சரி. 'இட்' மட்டும் இடம் மாறிவிட்டது. உடனே ஃபைலில் ஒரு குறிப்பு: 'கம்யூனிகேஷன் வீக்.' ஐயா, அவன் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா, இல்லையா? புரிந்தது என்றால் கம்யூனிகேஷன் நடந்துவிட்டது. மெஷினும் நின்றுவிட்டது.

அந்த அதிகாரி பேசுகிற ஆங்கிலத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் திஸ்' என்பார். 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்'டுக்கு வேலையில்லை. 'கோப் அப் வித் பிரஷர்' என்பார். அங்கே 'அப்' அழையா விருந்தாளி. 'ஐ வில் ரிவர்ட் பேக்' என்பார். அந்த 'பேக்' தேவையே இல்லை. சின்னச் சொல்லில்தான் அவரும் சறுக்குகிறார். டை கட்டியவர் சறுக்கினால் அது இந்தியன் இங்கிலீஷ். யூனிஃபார்ம் போட்டவன் சறுக்கினால் அறியாமை. நல்லா இருக்கு நியாயம்!

'அப்போ தப்பைத் தப்புன்னு சொல்லக்கூடாதா?' என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஐந்து நிமிஷப் பாடம் இது.

'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்' சரி. 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. பொருளின் பெயரைச் சொன்னால் முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆனால் 'இட்' என்று வந்தால் நடுவில் மட்டும்தான்: 'ஸ்விட்ச் இட் ஆஃப்.' ஏன்? புதுச் செய்தியையும் அழுத்தமான சொல்லையும் வாக்கியத்தின் கடைசியில் வைப்பது ஆங்கிலத்தின் பழக்கம். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி, எடையில்லாத சொல். அதைக் கடைசி நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பிரித்துவிடவும் கூடாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதே சரி, 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்பது கிடையாது. எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை வைத்துப் பாருங்கள். 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்' என்று சொல்ல முடிகிறது, ஆகவே 'இட்' நடுவில் போகும். 'லுக் த பேபி ஆஃப்டர்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே 'ஹிம்' கடைசியில் நிற்கும். முடிந்தது பாடம்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவனுக்கு ஏன் இது தெரியவில்லை? பாடத்தில் இல்லாமல் இல்லை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'கிவ் அப்' என்றால் கைவிடு என்று பட்டியலாக வரும். அர்த்தத்தை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். 'அதைத் தள்ளிப்போடு' என்று வாயால் சொல்லிப் பார்க்க வகுப்பில் நேரம் கிடையாது. ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாகப் புரட்டிப் புரட்டி எடுக்க மட்டும் நேரம் இருக்கிறது.

பி.காம். படித்த எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்' என்று மந்திரம் மாதிரி சொல்லித்தான் கணக்குப் பழகினோம். பேலன்ஸை 'கேரி டவுன்' செய்தோம், அடுத்த மாதம் 'பிராட் டவுன்' செய்தோம். இன், அவுட், டவுன் என்று எங்கள் லெட்ஜர் முழுக்க இந்தப் பொடியன்கள்தான். 'அதைக் கேரி டவுன் பண்ணு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பிலும் கேட்கவில்லை. டிகிரி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது, ஆங்கிலம் பேசும் பயிற்சியும் அதில் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சி என்பது வாயைத் திறக்கவைப்பது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் பேசிவிட்டுப் போவதற்குப் பெயர் சொற்பொழிவு.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. 'பிக்கப் பண்ணு என்று பேசித் தமிழைக் கொல்கிறார்கள்' என்று பொங்குகிறவர்கள். அவர்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே பையனை ஒருவர் தமிழைக் கெடுத்தான் என்கிறார், இன்னொருவர் ஆங்கிலத்தைக் கெடுத்தான் என்கிறார். நடுவில் நின்று அவன்தான் இரண்டு அடியையும் வாங்குகிறான்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. லேத் ஓட்ட ஆள் எடுக்கிறீர்கள் என்றால் லேத்தில் நிறுத்திச் சோதியுங்கள். வேலைக்கு ஆங்கிலம் நிஜமாகவே வேண்டும் என்றால், சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள். 'இட்' எங்கே உட்காரவேண்டும் என்று ஒரு மதிய உணவு இடைவேளையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மைக்ரான் கணக்கில் சீவுகிற கையை அப்படி ஒரு இடைவேளையில் வாங்க முடியுமா?

எங்கள் கணக்குப் பாடத்தில் 'ரைட் ஆஃப்' என்று ஒன்று உண்டு. இனி வரவே வராது என்று தெரிந்த கடனைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்வது. கடன் கொடுத்தவன், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் செய்கிற காரியம் அது. இங்கே நடப்பது தலைகீழ். சொல்லிக்கொடுக்கவேண்டிய கடன் நம்முடையது. அதைப் பன்னிரண்டு வருஷம் கட்டாமல் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் அந்தப் பையனைப் பார்த்து 'ரைட் ஹிம் ஆஃப்' என்கிறோம். 'ஹிம்' சரியான இடத்தில்தான் இருக்கிறது. கணக்குதான் தப்பு.