பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் போடாதே, தீ வைக்காதே, மரம் வெட்டாதே. நல்ல அறிவுரைதான். ஆனால் மலை முகட்டில் பாக்சைட் வெட்டிய பள்ளங்களுக்கு யார் பொறுப்பு என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். இன்று வேதாந்தா எனப்படும் குழுமத்தின் ஆலை அது. அனுமதிச் சிக்கலில் 2008இல் வெட்டுவது நின்றது. பாக்சைட் என்பது மலையின் தலைமண். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழே ஊற்றாகக் கசியவிடுவது அதுதான். அதை அள்ளிவிட்டால் மழை நிற்காமல் ஓடிவிடும், கோடையில் ஊற்று வற்றும். ஆகாய கங்கையாக விழும் அய்யாறு புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்கு இறங்குகிறது. ஆகவே இது மலைக்காரர் கவலை மட்டுமல்ல.

நம் மக்களிடம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி, மழையில் கரைந்து போகிறது. ஆனால் கிழங்கை வாங்க ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. சாமையை வாங்க யார் வந்தார்கள்? சாமை குத்திக் குத்தி முதுகு ஒடிந்தவர்கள் பெண்கள். பாரம்பரியத்தைக் கைவிட்டார்களே என்று கருத்தரங்கில் வருந்துகிறவர்கள் உலக்கை பிடித்தவர்கள் அல்லர்.

தலித் பத்தியில் மலையாளிப் பழங்குடிகளின் கதை எதற்கு என்று கேட்கலாம். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு இது புரியாதா? நிலத்தில் உரிமை தராமல், அதைக் காக்கும் பொறுப்பை மட்டும் தலையில் கட்டுகிறார்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதைத்தான் மாற்ற வந்தது. காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீராதாரத்தையும் காக்கும் அதிகாரத்தை அதன் 5ஆம் பிரிவு கிராம சபைக்கே தருகிறது. ஆனால் சுரங்கம் நின்ற அதே 2008இல், நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அது விலகியது. எட்டு ஆண்டுகள் வீண்.

ஒடிசாவின் நியமகிரியிலும் இதே குழுமம் பாக்சைட் கேட்டது. கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. கொல்லிமலையில் வெட்டத் தொடங்கிய நாளில் கேட்க அப்படியொரு சட்டமே இல்லை. இப்போது இருக்கிறது.

சமூக உரிமைக்குப் படிவம் 'பி'. சமூக வன வளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் 'சி'. மலையிலிருந்து இறங்கி நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் படிக்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவற்றை எடுத்துச் செல்லலாம். எல்லை தெரிந்த பெரியவர்களை உட்காரவைத்து, எந்த ஓடை, எந்தக் கோயில்காடு, எந்தப் பள்ளம் என்று கேட்டு எழுதுங்கள். பள்ளத்தையும் விடாமல் எழுதுங்கள்.