சிறார்க்கு முதற் பாசறை

கூரைக்கு வெளியே ஓர் இரவைக் கழித்தறியாத தலைமுறை ஒன்று நம் கண்முன் வளர்ந்து வருகின்றது. ஓசூர்த் தொழிற்பேட்டையும் போச்சம்பள்ளிச் சிப்காட்டும் நம் மாவட்டத்து இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிய வழி செய்துள்ளன. அதனை மறுப்பார் எவருமிலர். எனினும், தந்தை இரவு ஷிப்டுக்கும் பிள்ளை மாலை டியூஷனுக்கும் செல்லும் வாழ்வில், வானத்து மீன்களை எண்ணிப் பார்க்கும் பொழுது எவர்க்கும் வாய்ப்பதில்லை. இந்நிலையில், இளம் பெற்றோர் சிலர் ஐந்தாறு அகவைப் பிள்ளைகளுடன் கூடாரம் சுமந்து காடு நோக்கிப் புறப்படுகின்றனர். முதியோர் சிலர் இதனை வேண்டாத துணிச்சல் என்கின்றனர். குழந்தைகளை இவ்வாறு அழைத்துச் செல்லுதல் தகுமா? தகும் என்பதே என் கருத்து. ஆயின், முதல் இரவு அடர்காட்டில் அமைதல் தகாது.

வெட்டவெளியில் உறங்குதல் மேனாட்டார் கற்றுத்தந்த பழக்கமன்று. குறிஞ்சி நிலத்தில் பரண்மீதிருந்து கிளியோட்டித் தினைப்புனம் காத்தவள் இளம்பெண் எனச் சங்கப் பாடல்கள் காட்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவோர் தம் பிள்ளைகளையும் உடன்கொண்டு கிடையருகே இரவு தங்குவர். அரபு நாட்டில், மக்கா நகரத்தார் தம் பச்சிளங் குழந்தைகளைப் பாலைநிலக் குடியினரிடம் ஒப்படைத்து வளர்த்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமையும் அன்னை ஹலீமாவின் அரவணைப்பில் அத்தகைய திறந்த வெளியிலேதான் தொடங்கிற்று. தூய காற்றும் தூய மொழியும் பிள்ளைக்கு வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் கருத்து.

இளமையில் இயற்கையொடு கொண்ட தொடர்பு ஒருவரை எங்ஙனம் ஆக்கும் என்பதற்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்வே சான்று. 1896இல் பம்பாயில் பிறந்த அவர், பெற்றோரை இழந்து தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். பத்து வயதளவில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு ஐயுற்றார். மாமன் அவரைக் கடிந்து விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அங்கே மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் பெட்டி பெட்டியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். குழந்தையின் வினாவை மதித்த பெரியோர் இருவரால் இந்தியாவுக்கு ஒரு பெரும் பறவையியலாளர் கிடைத்தார்.

இனி மறுப்போர் கூற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை நாம் மறத்தலாகாது. காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றத்தினர் சிக்கினர்; இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்றவருள் சிறாரும் இருந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்திற்கெனத் தனி விதிகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை முறையாகத் திறந்து, உள்ளூர் இளைஞரை வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீ அச்சம் மிகும் நாள்களில் அவ்வழிகள் மூடப்படுகின்றன. காப்புக்காட்டினுள் இசைவின்றி நுழைதல் சட்டப்படி குற்றம். நம் பகுதிக்கு மற்றோர் அச்சமும் உண்டு. கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னர்கட்டாப் பக்கமிருந்து வரும் யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வழியே நடமாடும். அக்காடுகளில் குழந்தையோடு கூடாரமடித்தல் துணிவாகாது, பேதைமையேயாகும்.

ஆயின் முதல் பாசறை எங்கே அமைவது? சாமல்பட்டியைச் சுற்றிப் பார்த்தாலே விடை கிடைக்கும். உறவினர் ஒருவரின் மாந்தோப்பு, அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லை, ஊரருகே ஒரு பாறை அடிவாரம் ஆகியவை போதும். நிலத்துக்காரரின் இசைவு வேண்டும். கூப்பிட்டால் ஆள் வரும் தொலைவும் வேண்டும். இவ்வூர்ப் பாறைகளைப் புவியியலார் 'சாமல்பட்டிப் பாறைத்தொகுதி' என்றே வழங்குவர். அவை ஏறத்தாழ எழுபது, எண்பது கோடி ஆண்டுப் பழமையுடையவை. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2022இல் அறிவிக்கப்பட்டது. தான் அமர்ந்திருக்கும் கல்லின் வயதைக் கேட்ட பிள்ளை அவ்விரவை எளிதில் மறக்குமோ?

இடம் அணித்தாயினும் ஆயத்தம் குறைதல் ஆகாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டாற்றின் அருகே அரசன் அமைத்த பாசறையை விரித்துரைக்கின்றது. அங்கே முதலில் நிகழ்வது புதர்களை அகற்றுதல்; அடுத்து முள்வேலி வளைத்தல்; பின்னர் காவலர், விளக்கு, நாழிகை அளப்போர் என ஒவ்வொன்றாக அமைகின்றன. நம் பெற்றோரும் இம்முறையைக் கைக்கொள்ளுதல் நலம். பகலிலேயே சென்று இடத்தைத் துப்புரவு செய்க. தை மாதம் ஏற்றது. பனிக்குக் கம்பளி வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது; தரையில் உறங்குவோரைத் தீண்டும்; கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாது. ஆதலின், கயிற்றுக் கட்டிலும் விளிம்பு செருகிய கொசுவலையும் கட்டாயம். விடியலில் பிள்ளை வயிற்றுவலி என்றாலோ, இமை தாழ்ந்து சோர்ந்தாலோ, மந்திரிப்பவரைத் தேடாமல் உடனே ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். டார்ச்சு விளக்கின்றி ஓரடியும் எடுத்து வைத்தலாகாது. குடிநீர் காய்ச்சியதாக இருக்கட்டும். மூட்டிய தீயை நீரூற்றி அணைத்த பின்னரே உறங்குக.

இவை அனைத்தினும் முதன்மையானது, நடையைக் குழந்தையின் காலே வகுக்க வேண்டும் என்பது. அது எறும்புப் புற்றருகே அரைமணி நேரம் குந்தியிருப்பின், பெரியவரும் குந்துக. அச்சத்தால் நள்ளிரவில் அழுமாயின், வீட்டுக்கு அழைத்து வருதல் தோல்வியன்று. அடுத்த முறை தானே வர விரும்பும்.

இறுதியாக, நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய வாய்ப்பு வருங்கால் மகனை அனுப்பி மகளை நிறுத்திவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தினைப்புனம் காத்தவள் பெண் என்பதை மேலே கண்டோம். தாயும் தந்தையும் உடனிருக்கும் ஓர் இரவில், வானத்தைக் காணும் உரிமை மகளுக்கு மட்டும் இல்லையெனல் எவ்வாறு முறையாகும்? மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். ஆண்டுதோறும் நாட்டுநலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குச் சிற்றூர்களுக்குச் செல்கின்றீர். அவற்றுள் ஓர் மாலையை அவ்வூர்ச் சிறார்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஒதுக்குங்கள். விண்மீன்களின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். செடிகொடிகளின் பெயரை அவர்கள் சொல்லட்டும். பெருஞ்செலவின்றி, சட்டம் மீறாது, இவ்வாண்டே இதனைத் தொடங்கலாம்.