ரயில் மலிவு, ரயிலடிக்குப் போவதுதான் விலை!

புறக்கோட்டையில் உள்ள எமது கடையில் நான்கு வருடங்களாகக் கணக்கெழுதி வந்த இளைஞர் ஒருவர் அண்மையில் வேலையை விட்டு விலகினார். நேர்மையானவர், கணக்கில் சுறுசுறுப்பானவர். இப்படியொருவரை மீண்டும் தேடிப் பிடிப்பது இலகுவல்ல. சம்பளம் போதவில்லையா என்று கேட்டேன். "சம்பளத்துல குறையில்ல நானா. ஸ்டேசனுக்குப் போக வரத்தான் சல்லி காணாது" என்றார்.

முதலில் எனக்கு இது விளங்கவில்லை. அவர் தென் கரையோரத்தைச் சேர்ந்தவர். ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை பருவகாலச் சீட்டில் ரயிலில் கடந்து வருகிறார். அந்தச் செலவு அவருக்குப் பெரிய சுமையல்ல. சுமை எதுவென்றால், வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரையிலான மூன்று கிலோமீற்றர். காலை ரயிலுக்கு நேரமாகும்போது அவருடைய ஊரிலிருந்து முதல் பஸ் புறப்பட்டிருக்காது. இரவு ரயிலில் வந்து இறங்கும்போது கடைசி பஸ் போய் முடிந்திருக்கும். எனவே இரு வேளையும் முச்சக்கர வண்டிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 300 ரூபா என்று வைத்துக் கொண்டாலும் ஒரு நாளைக்கு 600 ரூபா. மாதத்தில் 25 நாட்கள் வேலையென்றால் 15,000 ரூபா! ஐம்பது கிலோமீற்றரை விட மூன்று கிலோமீற்றர் விலை கூடியதாகி விடுகின்றது. அவர் ஊரிலேயே ஒரு கடையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து விட்டார். அவருக்கு அதுதான் இலாபம். நட்டம் எனக்கு.

ரயிலைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. ரயில் தாமதம், பெட்டிகள் போதாது, சன நெரிசல், கட்டணம் கூடிவிட்டது என்றெல்லாம் பேசுகிறோம். ஆனால், ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதனை நான் ஒரு போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. இது எமது ஊர்களின் தொழிலோடும் வியாபாரத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய விடயம்.

ஊருக்கு அருகில் ரயில், ஊருக்குள் இல்லை

இலங்கையில் 1864 இல் ஆரம்பித்த ரயில் சேவை 1895 இல் மாத்தறையையும் 1928 இல் மட்டக்களப்பையும் சென்றடைந்தது. அன்று பாதை அமைத்தவர்கள் எமது இன்றைய குடியிருப்புகளை நினைத்து நிலையங்களை அமைக்கவில்லை. தர்கா நகர் மக்களுக்கு அளுத்கம நிலையம். மாவனல்லை மக்களுக்கு ரம்புக்கனை. காத்தான்குடி மக்களுக்கு மட்டக்களப்பு. ஏறாவூரைப் போன்று சொந்தமாக நிலையம் உள்ள ஊர்களிலும் கூட, நகரம் விரிவடைந்து கொண்டே போனதால் புதிய குடியிருப்புகள் நிலையத்திலிருந்து தூரமாகிவிட்டன.

இந்தத் தூரங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோமீற்றர்கள்தான். மாவனல்லை, காத்தான்குடி போன்ற ஊர்களுக்கு இதைவிட அதிகம். நடப்பதற்குச் சற்று அதிகம், பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்குக் குறைவு. இந்த இடைவெளியில்தான் எமது மக்களின் பணமும் நேரமும் கரைந்து கொண்டிருக்கின்றன. கொழும்பில் நல்ல வேலை கிடைத்தும், "இரவில் ஸ்டேசனிலிருந்து எப்படி வருவாய்?" என்ற கேள்வியினால் வீட்டோடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? பாடநெறி ஒன்றைத் தொடர முடியாமல் இடைநிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்வியில் தகப்பன்மாரைக் குறைகூற முடியாது. விளக்கில்லாத பாதையில் தமது பிள்ளை தனியாக நடந்து வருவதை யார்தான் விரும்புவார்?

யாருடைய பொறுப்பு?

நிலையத்தின் வேலிக்கு உள்ளே இருப்பது ரயில்வே திணைக்களத்துக்குச் சொந்தம். வெளியே உள்ள பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றது. குறுக்கு ஒழுங்கையும் தெருவிளக்கும் பிரதேச சபை அல்லது நகர சபையின் பொறுப்பு. தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப் பத்திரம் வழங்குவது மாகாண அதிகார சபை. இ.போ.ச. பஸ் டிப்போவுக்கு வேறு மேலிடம். முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்கு ஒரு சங்கம். ஆக, வீட்டு வாசலிலிருந்து மேடை வரை ஒரு பயணி செல்லும் பாதைக்கு ஐந்தாறு பேர் பொறுப்பு. ஐந்தாறு பேர் பொறுப்பென்றால் எவரும் பொறுப்பில்லை என்பதுதான் எமது நாட்டின் அனுபவம்.

இதனால்தான் ரயில் வருவதற்கு ஐந்து நிமிடங்களுக்குப் பின்னர் வந்து சேரும் பஸ்ஸையும், ரயில் வந்து நிற்கும்போது புறப்பட்டுச் செல்லும் பஸ்ஸையும் நாம் காண்கிறோம். பல நிலையங்களுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே வாசல் உண்டு. மறுபக்கத்தில் குடியிருப்பவர்கள் சுற்றிவரச் சோம்பல்பட்டு தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். வருடந்தோறும் பல உயிர்கள் இவ்வாறு பறிபோகின்றன. மறுபக்கத்தில் ஒரு சிறிய வாசலும் ஒழுங்கான கடவையும் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

வயோதிபர்கள், சக்கர நாற்காலியில் செல்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் இலகுவாகச் சென்று வரக்கூடியதாக அமைய வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்துள்ளன. ஆனால் படிக்கட்டு மட்டுமே உள்ள மேம்பாலங்கள் இன்றும் பல நிலையங்களில் உள்ளன.

2022 கற்றுத் தந்த பாடம்

2022 ஆம் ஆண்டை நாம் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்தோம். கியூஆர் முறையில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அப்போதுதான் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. புதிய சைக்கிளின் விலை தலைக்கு மேல் ஏறியது. பலர் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து ரயிலேறி வேலைக்குப் போனார்கள். எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சைக்கிள்கள் மீண்டும் பின்புறத்துக்கே போய்விட்டன. பாடமும் அவற்றோடு போய்விட்டது.

சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதுதான் அன்றும் இன்றும் பிரச்சினை. ஆனால் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். சனப் புழக்கமுள்ள நிலையங்களுக்கு அருகில் உள்ள சில வீடுகளில், முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டு சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நாள் வாடகைக்குப் பாதுகாத்துக் கொடுக்கிறார்கள். யாரும் அவர்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை, கடன் கொடுக்கவுமில்லை. தேவை இருக்கின்றது, மக்கள் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆய்வு எதற்கு?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தில் சுமார் 12,500 சைக்கிள்களை நிறுத்தக்கூடிய தரிப்பிடம் 2019 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. எமது நாட்டிலும் அதே ஆண்டில் மாகும்புரவில் பஸ், ரயில், வாகனத் தரிப்பிடம் மூன்றையும் இணைக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் அவ்வளவு பெரிய கட்டடம் எல்லா ஊர்களுக்கும் கிடைக்கப் போவதில்லை. அளுத்கமைக்கோ ஏறாவூருக்கோ தேவைப்படுவது ஐம்பது, நூறு சைக்கிளுக்கு ஒரு கூரை, ஒரு காவலாளி, நான்கு விளக்குகள், நேரத்துக்கு வரும் ஒரு பஸ். இவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, சைக்கிள் தரிப்பிடம். முன்னர் சொன்ன 15,000 ரூபா கணக்கின்படி, 50,000 ரூபா கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினாலும் நான்கு மாதத்துக்குள் அந்தப் பணம் மீண்டுவிடும். ஊழியருக்குத் தவணை முறையில் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது ஒரு முதலாளிக்கு முடியாத காரியமல்ல.

இரண்டாவது, பகிர்ந்து செல்லும் முச்சக்கர வண்டி. ஒரே ரயிலில் இறங்கி ஒரே ஊருக்குப் போகும் மூவர் மூன்று வண்டிகளில் போகிறார்கள். மூவரும் ஒன்றாகச் சென்றால் மாதச் செலவு ஆளுக்கு 5,000 ரூபாவாகக் குறையும். தரிப்பிடச் சங்கத்தோடு பேசி, அலுவலக ரயில் நேரங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை எழுதிப் போடலாம். சாரதிக்கு நட்டமாகாதா என்று கேட்கலாம். இன்று கட்டணத்துக்குப் பயந்து நடந்து போகிறவர்களும் அப்போது வண்டியில் ஏறுவார்கள்.

மூன்றாவது, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என நான்கு ரயில்களுக்காவது பஸ் நேரத்தைப் பொருத்துவது. அளுத்கம - மத்துகம வீதியில் ஓடும் பஸ்கள் தர்கா நகரைக் கடந்துதான் செல்கின்றன. புதிய பஸ் தேவையில்லை. நேர அட்டவணையில் சிறு மாற்றம்தான் தேவை.

நான்காவது, நிலையத்திலிருந்து 500 மீற்றர் வரை ஒழுங்கான நடைபாதையும் வெளிச்சமும். உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர்களின்றி இருந்தன. 2025 மே 6 இல் தேர்தல் நடைபெற்று இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை என்ற சாட்டு இனிப் பொருந்தாது.

"எல்லோரும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் ஆரம்பமானது. இன்றைய விலையில் ஒன்றை லீசிங்கில் எடுத்தால் தவணைப் பணமும் பெற்றோலும் சேர்ந்து சம்பளத்தை விழுங்கிவிடும். தவிர, அந்தப் பெற்றோல் டொலர் கொடுத்து இறக்குவது. டொலர் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

முதலில் நாம் திருந்த வேண்டும்

இவ்வளவும் சொல்லிவிட்டு எமது குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. நிலையத்துக்குச் செல்லும் வீதியின் நடைபாதையில் சாமான் அடுக்கி வைத்திருப்பது யார்? வியாபாரிகளாகிய நாம்தான். லொறியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி மணிக்கணக்கில் சாமான் இறக்குவதும் நாம்தான். பாதசாரி வீதியில் இறங்கி வாகனத்துக்கு நடுவே நடக்கிறார். நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான்.

நடந்து போகிறவர்தான் வாடிக்கையாளர் என்பதை நாம் மறந்து விடுகிறோம். முச்சக்கர வண்டியில் ஏறியவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். நடந்தோ சைக்கிளிலோ போகிறவர் பாண் வாங்குவார், மரக்கறி வாங்குவார், பிள்ளைக்குக் கொப்பி வாங்குவார். நிலையத்துக்குச் செல்லும் பாதை சீரானால் முதலில் பயனடைவது அந்தப் பாதையில் கடை வைத்திருப்பவர்களே. ஆகவே சைக்கிள் கொட்டிலுக்கு வர்த்தகர் சங்கம் பணம் போடுவது தர்மமல்ல, முதலீடு.

ரயில்வே திணைக்களம் நீண்ட காலமாக நட்டத்தில் ஓடுவது. அது வந்து எமது ஒழுங்கைக்கு விளக்குப் போடும் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் வர்த்தகர் சங்கம் முன்வந்து நிலைய அதிபர், பிரதேச சபை உறுப்பினர், பஸ் உரிமையாளர், முச்சக்கர வண்டிச் சங்கத் தலைவர் ஆகியோரை ஒரு மாலைப் பொழுதில் ஒரே மேசையில் அமர்த்தினால், மேலே சொன்ன நான்கில் இரண்டையாவது அன்றே முடிவு செய்யலாம். காணிக்கும் வாசலுக்கும் திணைக்களத்தின் அனுமதி தேவை. பஸ் நேரத்தை நிரந்தரமாக மாற்ற மாகாண அதிகார சபையின் சம்மதம் தேவை. அவற்றுக்குக் கடிதம் எழுதலாம். பகிர்ந்து செல்லும் வண்டிக்கும், வெறுமையாக்கப்பட்ட நடைபாதைக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

விலகிப் போன இளைஞருக்கு நான் சம்பளத்தில் இன்னும் ஐயாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதுவும் த்ரீவீலுக்குத்தான் நானா போகும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எமது ஊர்களில் இன்னும் எத்தனை பேரின் உழைப்பு இப்படி மூன்று கிலோமீற்றரில் கரைகின்றது? சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசுவோமா?