நான்கு இலட்சம் ரிங்கிட் மகிழுந்தும் ஒரு பிணைக் கையெழுத்தும்



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் பயின்றவர், இன்று பொறியியலாளர். மாதச் சம்பளம் 9,000 ரிங்கிட். கையில் ஒரு கோப்பு இருந்தது. "ஐயா, ஒரு கையெழுத்து வேண்டும்" என்றார். மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதமாக இருக்கும் என்று எண்ணிப் பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். கோப்பைத் திறந்தால் ஹோண்டா சிவிக் டைப் ஆர் மகிழுந்தின் படம். அதை வாங்கும் கடனுக்கு நான் பிணையாளராக வேண்டுமாம்.

நான் மறுத்துவிட்டேன்.

செய்தி திங்கட்கிழமைக்குள் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டது. "நம் பிள்ளை ஒருவன் நல்ல மகிழுந்து ஓட்டினால் நமக்கே பொறுப்பதில்லை" என்று சக ஆசிரியர் ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவருக்கும், அவரைப் போல் எண்ணும் பெற்றோர்க்கும் இங்கே விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அது மட்டமான வண்டி அன்று. 2.0 லிட்டர் டர்போ இயந்திரம், 319 குதிரைத்திறன், ஆறு வேகக் கைமுறைப் பற்சக்கரப்பெட்டி, மணிக்கு 275 கிலோமீட்டர் உச்ச வேகம். 2023-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தை 7 நிமிடம் 44.881 வினாடியில் சுற்றி, முன்சக்கர இயக்க வண்டிகளில் சாதனை படைத்தது. பொறியியல் பயின்ற பிள்ளை ஒருவன் அதன்மேல் ஆசைப்படுவதில் வியப்பில்லை. நானும் ஆசைப்பட்டவனே. 1998-ஆம் ஆண்டில் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வெளிவந்தபோது, லோட்டஸ் நிறுவனம் செம்மைப்படுத்திய அந்த 1.8 லிட்டர் வண்டியைச் சிரம்பான் விற்பனை நிலையத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று வாங்கியது என்னவோ 660 சிசி பெரோடுவா கஞ்சில்தான். எனவே, ஆசையே அறியாதவன் அறிவுரை கூறுகிறான் என்று எவரும் நினைக்க வேண்டா.

ஆனால் விலையைப் பாருங்கள். மலேசியாவில் 2023-இல் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 399,900 ரிங்கிட். இதே வண்டி ஜப்பானில் 2022-இல் 4,997,300 யென்னுக்கு விற்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 160,000 ரிங்கிட். இடையில் உள்ள 240,000 ரிங்கிட் எங்கே போகிறது? முழுமையாக இறக்குமதி செய்யப்படும் வண்டி என்பதால் கலால் வரி, விற்பனை வரி, கப்பல் கட்டணம், விற்பனையாளர் இலாபம் எனப் பிரிந்து போகிறது. ஆக, கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்கு அன்று. சாதாரண சிவிக் மகிழுந்தோ நமக்கு அண்டையில், மலாக்கா மாநிலம் பெகோவில் பொருத்தப்பட்டு, இதன் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வேகமான வண்டியே வேண்டும் என்றாலும், பெக்கானில் பொருத்தப்பட்ட வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 2022-இல் 200,000 ரிங்கிட்டைச் சற்றே தாண்டிய விலையில் வந்தது.

இனி மாதக் கணக்கு. பத்து விழுக்காடு முன்பணம் செலுத்தினால் எஞ்சிய கடன் ஏறத்தாழ 360,000 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகள், அதாவது 108 மாதங்கள். வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 3,333 ரிங்கிட். வட்டி, காப்புறுதி, எண்ணெய், அகலமான சக்கரங்களுக்குரிய விலை கூடிய டயர் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 9,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனபின் கைக்கு வருவது 8,010 ரிங்கிட். வருமான வரி தனி. பாதிச் சம்பளத்துக்கு மேல் நான்கு சக்கரங்களின் கீழே போய்விடும்.

மற்றோர் அளவுகோலும் உண்டு. 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஒரு காசும் செலவிடாமல் சேமித்தாலும் இவ்வண்டியை வாங்கப் பத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். இந்த ஒப்பீடு எதற்கு என்கிறீர்களா? அம்மாணவரின் தாயார் இன்றும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். அவர்கள் வாழ்ந்த தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பிறகு, அந்தக் குடும்பம் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. தங்கை ஐந்தாம் படிவத்தில் பயில்கிறாள்.

"பிணையாளருக்கு இப்போது ஆபத்து ஒன்றும் இல்லையே" என்றும் சிலர் கூறினர். அது பாதி உண்மை. திவால் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடனுக்குப் பிணை நிற்பவர் 'சமூகப் பிணையாளர்' ஆவார். அவரைத் திவாலானவராக அறிவிக்க முடியாது. ஆயினும் கடன் தொகையைக் கேட்டு அவர்மீது வழக்குத் தொடுக்க அத்திருத்தம் தடையில்லை. கடன் வாங்கியவருக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால், உரிய அறிவிப்புக்குப் பின் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். ஏலத்தில் கிடைத்த விலை கடனுக்குப் போதவில்லை என்றால் குறையையும் அவரே கட்டவேண்டும். வண்டி போன பிறகும் கடன் போகாது. கடன் 100,000 ரிங்கிட்டைத் தொட்டால் திவால் நடவடிக்கைக்கும் இடமுண்டு. இருபத்தெட்டு வயதுப் பிள்ளையை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்த என் பேனா உதவ வேண்டுமா?

இந்த ஆசையின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் நான் அறிவேன். மகிழுந்துக்கும் நமக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது. உலகில் மகிழுந்துகள் பெருகி, டயருக்கு இரப்பர் தேவைப்பட்டதால்தான் இந்த நாட்டில் தோட்டங்கள் விரிந்தன. டயர் நிறுவனமான டன்லப் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. நம் பாட்டன்மார் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் வெட்டினர். அந்தப் பாலில் பிறந்த டயர்கள் யார் யாருடைய வண்டிகளுக்கோ உருண்டன. தோட்டத்தில் மகிழுந்து வைத்திருந்தவர் துரை. அது செம்மண் சாலையில் வரும்போது ஓரம் ஒதுங்கித் தலைகுனிந்து நின்றவர்கள் நாம். அந்தப் பேரனுக்கு அதைவிட வேகமான வண்டி ஒன்றை ஓட்டிக்காட்ட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. அவன் வாங்க நினைப்பது வண்டியை அன்று, மரியாதையை.

ஆனால் மரியாதையைத் தவணையில் வாங்க முடியுமா? நம் முன்னோர் அதற்கு வேறு வழி கண்டனர். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முயற்சியால் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு, கெடாவின் புக்கிட் சிடிம் தொடங்கிப் பல தோட்டங்களை அச்சங்கம் வாங்கியது. எழுத்தறியாத கைகள் நிலம் வாங்கின. பட்டம் பெற்ற கைகள் கடன் வாங்குவதா?

"மற்ற இனத்தவர் வாங்கவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. வாங்குகிறார்கள். அவர்களுள் பலருக்குத் தந்தை விட்டுச் சென்ற வீடோ, கடையோ, நிலமோ இருக்கிறது. முதல் தலைமுறையாகச் சம்பளம் காணும் நம் பிள்ளைக்குக் கீழே விரித்த வலை எதுவும் இல்லை. வேலை ஒருநாள் போனால் குடும்பமே போயிற்று.

"மறுவிற்பனை விலை குறையாது" என்றும் கூறுவர். அரிய வண்டிகளுக்கு அது ஓரளவு உண்மையாகலாம். ஆனால் பின்னால் விற்கும் நாளுக்காக ஒன்பது ஆண்டு மூச்சை அடக்கி வாழ்வது முதலீடு ஆகாது.

"என் பணம், என் விருப்பம்" என்பது கடைசி வாதம். தன் பணமென்றால் என்னிடம் கோப்பு ஏன் வந்தது?

எங்கே ஓட்டப் போகிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே உச்ச வரம்பு 110 கிலோமீட்டர். தோட்டத்துச் சாலைகளிலோ செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோண்டிய குழிகள். தாழ்ந்த உடலும் 19 அங்குலச் சக்கரமும் கொண்ட வண்டி அங்கே கோழிக்குஞ்சு நடையில்தான் போகவேண்டும். அதன் முழு வேகத்தையும் முறையாகப் பார்க்க வேண்டுமானால் சிப்பாங் பந்தயத் தளத்துக்குத்தான் போகவேண்டும். ஆண்டில் எத்தனை நாள் போவார்?

60,000 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் பெரோடுவா மைவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறை ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஐவர் அமரலாம், டைப் ஆர் வண்டியில் நால்வருக்கே இடம். எந்தச் சிற்றூரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 340,000 ரிங்கிட். சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் அத்தொகைக்குத் தொடர்வீடு ஒன்று வாங்கலாம். அப்படியும் தங்கையின் மேற்படிப்புக்கு அவர் சம்பளத்தில் இடம் இருக்கும்.

சொந்த வீடு இருந்து, பெற்றோர்க்குக் குறையில்லாமல், கடனின்றி வாங்கும் வல்லமை உடையவர் தாராளமாக வாங்கட்டும். அவரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. நான் மறுப்பது ஆசையை அன்று, வரிசை மாறுவதை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. பரிசளிப்பு விழாவுக்குப் பெரிய மகிழுந்தில் வருபவருக்கு மண்டப வாசலில் இடம் ஒதுக்குகிறோம். மோட்டார் சைக்கிளில் வந்து நூல்நிலையத்துக்குப் புத்தகம் கொடுத்த பழைய மாணவரை மேடைக்கு அழைக்க மறந்துவிடுகிறோம். "நன்றாகப் படி, பெரிய கார் வாங்கலாம்" என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அந்த மாணவரிடமும் சொல்லியிருக்கக்கூடும். அவர் என் பாடத்தை மறக்கவில்லை. நான்தான் தவறான பாடத்தை நடத்திவிட்டேன். இனி அந்த வாக்கியத்தை என் வகுப்பறையில் சொல்வதில்லை என்று முடிவு செய்துள்ளேன்.

அன்று சென்றவர் இன்னும் அழைக்கவில்லை. தாயார் மட்டும் சந்தையில் கண்டு, "பிள்ளை கோபமா இருக்கான் ஐயா" என்றார். கோபம் இருக்கட்டும். தம்பி, நீ இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். நான் மேலே கூறிய அதே சட்டம், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடனுக்குப் பிணை நிற்பவரையும் சமூகப் பிணையாளர் என்றே ஏற்கிறது. உன் அம்மாவுக்கு ஒரு வீடு என்று கோப்போடு வா. எந்த நேரமானாலும் வா. பேனா மேசை மேல்தான் இருக்கிறது.