தூளியில ஆட்டலாம்... தூங்கவும் வைக்கலாமா?

ராத்திரி ரெண்டு மணி. தோள்ல குழந்தை, இன்னொரு கையில போன். 'குழந்தை தூங்காம அழுவுது'ன்னு நீங்க தேடி முடிச்ச அடுத்த நிமிஷத்துல இருந்து அந்த போன் உங்களுக்குத் தொட்டில் விற்க ஆரம்பிச்சிடும். ஸ்பிரிங் தூளி, ரிமோட்டில் ஆடும் தொட்டில், சுற்றிலும் மெத்தை வைத்துத் தைத்த தொட்டில், தலை உருண்டையா வர்றதுக்குக் கடுகுத் தலையணை... சென்னைக்கு மட்டும்தான் வரும்னு இல்ல. பொதட்டூர்பேட்டையில தறி வீடு இருக்கிற தெருவுக்கும் டெலிவரி உண்டு.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு கதை கேட்டுடுங்க.

2009-ல் அமெரிக்காவின் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் 'ராக் அண்ட் ப்ளே' என்று ஒரு சாய்வுத் தொட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமார் 30 டிகிரி சாய்வு. படுக்க வைத்து லேசா ஆட்டினால் போதும், எவ்வளவு அடம்பிடிக்கிற குழந்தையும் தூங்கிடும். தூக்கமில்லாத அப்பா அம்மாக்களுக்கு வேறென்ன வேணும்? பத்து வருஷம் ஓடியது. 2019 ஏப்ரலில், முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததாகத் தெரியவந்த பிறகு, 47 லட்சம் தொட்டில்களை நிறுவனம் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் அந்த அறிவிப்பை மறுபடி வெளியிட்டபோது, பதிவான இறப்புகளின் எண்ணிக்கை சுமார் 100.

குழந்தைகளுக்கு என்ன ஆச்சு? பச்சைக்குழந்தையின் தலை உடம்பை ஒப்பிட்டால் ரொம்பப் பெரிசு, கழுத்தில் பலம் கிடையாது. சாய்வாகப் படுத்தால் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் முட்டும். மெல்லிய குழாய் மடங்கின மாதிரி மூச்சுப் பாதை அடைபடும். பெரியவங்களா இருந்தா திணறி எழுந்துடுவோம். ரெண்டு மாசக் குழந்தைக்கு அது முடியாது, சத்தமும் வராது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் எரின் மேனன் குழுவினர் இதைச் சோதித்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. சாய்வுப் படுக்கையில் குழந்தை சுலபமாகக் கவிழ்ந்துவிடுகிறது, ஆனால் கவிழ்ந்த பிறகு முகத்தைத் திருப்பி மூச்சுவிட வயிற்றுத் தசைகள் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது, சீக்கிரம் களைத்துப்போகிறது. 2022 மே மாதம் அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளுக்குத் தடை. தொட்டில் ஓரத்தில் கட்டுகிற தடிமனான மெத்தைக்கும் தடை.

நம்ம ஊர்ல? 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குப் பி.ஐ.எஸ் தரச்சான்று கட்டாயம். கிலுகிலுப்பைக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கான்னு கேட்கலாம். அந்த உத்தரவு விளையாட்டுப் பொருள்களுக்கானது. ராத்திரி முழுக்கக் குழந்தை படுத்துக் கிடக்கிற தொட்டில் அதில் வராது. அங்கே தடை செய்த ஓர மெத்தை இங்கே 'சேஃப்டி' என்ற பெயரிலேயே ஜோரா விற்பனையாகுது. அதனால சரிபார்க்கிற வேலை உங்க தலையிலதான்.

அப்போ நம்ம தூளி?

சரி, விஷயத்துக்கு வருவோம். தூளின்னு சொல்லுங்க, ஏணைன்னு சொல்லுங்க, பக்கத்து வீட்டுத் தெலுங்குல உய்யாலன்னு சொல்லுங்க. அம்மாவோட பழைய பருத்திப் புடவை, உத்தரத்துல ஒரு கொக்கி. நெசவு ஊருல துணிக்கா பஞ்சம்? செலவே இல்ல. குழந்தையும் அஞ்சு நிமிஷத்துல தூங்கிடும்.

அது ஏன் தூங்குதுன்னு பார்த்தா, தூளி ஒண்ணும் மூடநம்பிக்கை இல்ல. கருப்பையில் ஒன்பது மாதம் ஆடிக்கொண்டே இருந்த உடம்புக்கு அசைவுதான் பழக்கம். ஆட்டும்போது குழந்தையின் இதயத் துடிப்பு நிதானமாகிறது. துணியின் அணைப்பு, கை கால் திடீரென்று தூக்கிப்போட்டு விழிப்பதைத் தடுக்கிறது. ஆனா அதே அணைப்புலதான் சிக்கலும் இருக்கு. துணி பள்ளமாகத் தொங்கும்போது குழந்தையின் உடம்பு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சோடு சேர்கிறது. அந்த அமெரிக்கத் தொட்டில்ல நடந்தது இதேதான். பாட்டி காலத்துல தூளிக்குப் பக்கத்துலயே ஒரு ஆள் உட்கார்ந்து ஆட்டிக்கிட்டு, எட்டிப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இப்போ ஸ்பிரிங்கும் மோட்டாரும் ஆட்டுது, நாம அடுத்த ரூம்ல இருக்கோம். என்னைக் கேட்டா, தூளியோட பாதுகாப்பு துணியில இல்ல, அந்த ஆள் கிட்டதான் இருந்துச்சு.

அதனால தூளியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆட்டி அமைதிப்படுத்த அது போதும், நீங்க பக்கத்துல இருக்கும்போது. கண் அசந்ததும் தட்டையான, அழுத்தினா குழியாத மெத்தைக்கு மாத்துங்க. தொட்டில் கட்டையைக் குறுக்கே வெச்சு துணியை அகலப்படுத்துங்க, முகம் எப்பவும் வெளியே தெரியணும். தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல வேண்டாம். கொக்கி, கயிறு, ஸ்பிரிங் மூணையும் வாரா வாரம் பாருங்க, ஸ்பிரிங் அறுந்து விழுறது புதுசு இல்ல. குழந்தை புரள ஆரம்பிச்சா தூளிக்கு விடை கொடுத்துடணும். முக்கியமா, வேலை முடிஞ்சதும் அவிழ்த்தோ, கைக்கு எட்டாத உயரத்துல சுருட்டியோ வைங்க. தூளியில விளையாடின பெரிய பிள்ளை, எட்டு வயசு பத்து வயசு பிள்ளை, கழுத்து இறுகி இறந்த செய்தியைத் தமிழ்ப் பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருப்பீங்க?

வெயிலும் தறி சத்தமும்

தொட்டில் பற்றி இணையத்தில் படிக்கிற பாதி அறிவுரை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. கோடையில் வெயில் பட்டியல் வந்தால் திருத்தணி பெயர் தவறாமல் இருக்கும். அந்த வெயில்லயும் குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், மேல ரெண்டு சுத்துத் துணி. 'ஜில்லுனு இருக்கு பாரு'ன்னு கையைத் தொட்டுக் காட்டுவாங்க. பச்சைக்குழந்தையின் கை, கால் குளிர்ந்திருப்பது சகஜம். பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா ஒரு சுத்து குறைங்க. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவது திடீர் சிசு மரணத்துக்கான ஆபத்துகளில் ஒன்று. வீட்டுக்குள்ள குல்லா வேண்டாம். ஃபேன் போடலாம், நேரா முகத்துல அடிக்காம இருந்தா போதும். கொசுவலை அவசியம், ஆனா தொய்வில்லாம இழுத்துச் செருகணும். இறுக்கிச் சுத்துறதா இருந்தா கை பக்கம் மட்டும், இடுப்பும் காலும் தாராளமா அசையணும். புரள முயற்சி பண்ற அன்னிக்கே சுத்துறதை நிறுத்திடுங்க.

தறி சத்தத்துக்கு வருவோம். தறி ஓடும்போது தூங்குற குழந்தை, கரன்ட் போய் தறி நின்னதும் முழிச்சுக்கும்னு தறிக்கார வீடுகள்ல சொல்லிக் கேட்டிருப்பீங்க. நகரத்துல இதையேதான் 'ஒயிட் நாய்ஸ்' மெஷின்னு காசு கொடுத்து வாங்குறாங்க. சீரான இரைச்சல் தூக்கத்துக்கு உதவும், சரி. அளவுதான் பிரச்னை. 2014-ல் டொரான்டோவில் 14 மெஷின்களைச் சோதித்தார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று மெஷின்கள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலைத் தொழிலாளிக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிற அளவு அது. குழந்தை அறைக்குப் பரிந்துரைப்பது 50 டெசிபல். விசைத்தறிக் கூடம் இதைச் சுலபமா தாண்டிடும். கூடத்துக்கும் குழந்தைக்கும் நடுவுல ஒரு சுவராவது, ஒரு மூடின கதவாவது இருக்கட்டும். தொட்டிலை அங்கே வைத்துவிட்டுத் தறி ஓட்டுவது பஞ்சுத் தூசிக்காகவும் வேண்டாம்.

வாங்குறதா இருந்தா...

கம்பித் தொட்டில்னா ரெண்டு கம்பிக்கு நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி கூடாது. உங்க நாலு விரல் தாராளமா நுழைஞ்சா அந்தத் தொட்டில் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகக் கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்குற மாடலை 2011-லேயே அமெரிக்கா தடை பண்ணிடுச்சு. சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல இருந்து அது உங்களுக்கு வந்து சேரலாம், ஜாக்கிரதை. உள்ளே மெத்தை, இறுக்கமான விரிப்பு, குழந்தை. அவ்வளவுதான். தலையணை, பொம்மை, போர்வை எதுவும் வேண்டாம். கடுகுத் தலையணையும் வேண்டாம். தலையை உருண்டையாக்கும் என்று விற்கிற குழந்தைத் தலையணைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ எச்சரித்தது. தலை தட்டையாகுதுன்னு கவலையா? முழிச்சிருக்கும்போது, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கையில, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்க. தூக்கத்துல எப்பவும் மல்லாக்க. 1994-ல் அமெரிக்காவில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கிய அடுத்த பத்தாண்டில் திடீர் சிசு மரண விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதுக்கு ஒரு ரூபாய் மெஷின் கூடத் தேவைப்படல.

காசு இல்லாதவங்க என்ன பண்றதுன்னு கேட்டா, பின்லாந்து 1938-லேயே ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. துணிமணிகள், அடியில் ஒரு மெத்தை. பெட்டியே தொட்டில். 1949 முதல் எல்லா அம்மாக்களுக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பெட்டகத்தின் 16 பொருள்களிலும் ஒரு சின்ன மெத்தையும் கொசுவலையும் இருந்தன. தரையில் பாயை விரித்து, அதன்மேல் கெட்டியான தட்டை மெத்தை, உங்க பாய்க்குப் பக்கத்துல. பத்தாயிரம் ரூபாய் தொட்டில் செய்யுற வேலையை இதுவும் செய்யும். ஒரே ரூம், தனி விரிப்பு. முதல் ஆறு மாசமாவது அப்படி. சோபாவில் குழந்தையோட சாய்ஞ்சு தூங்கிப்போறதுதான் இருக்கிறதுலயே ஆபத்து.

சரி, இவ்வளவும் பண்ணியாச்சு, மெத்தையில வெச்சதும் வீல்னு கத்துதே? ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழு 21 குழந்தைகளை வைத்து 2022-ல் இதையே ஆராய்ந்தது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிற்காமல், குலுக்காமல் ஐந்து நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே கீழே வைக்காதீர்கள். மடியில் வைத்தபடி ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்த பிறகு படுக்க வையுங்கள். உங்க உடம்பை விட்டுப் பிரியுற அந்த நொடியிலதான் குழந்தையின் இதயத் துடிப்பு எகிறுது. தூக்கம் ஆழமாக அந்த எட்டு நிமிஷம் வேணும்.

அப்படியும் அழுதா, பெரும்பாலான குழந்தைகள் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் அதிகமா அழும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். ஆனா மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகையின் சத்தமே வேற மாதிரி கீச்சுன்னு கேட்டாலோ விடியுற வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கோபம் தலைக்கேறினா குழந்தையை மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் வாசல்ல போய் நில்லுங்க. அந்த அஞ்சு நிமிஷம் குழந்தை அழுதா ஒண்ணும் ஆகாது, புடிச்சுக் குலுக்கினாத்தான் ஆகும்.